மகளிடம் "சத்து ஊசி" என்று சொல்லிவிடலாமா?

ஏழாவது படிக்கும் உங்கள் மகளுக்கு ஹெச்பிவி ஊசி, அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி, போடச் சொல்லிக் குழந்தைகள் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "வயசுக்கே வராத பிள்ளைக்கு அந்த ஊசி எதுக்கு?" என்று மாமியார் கேட்கிறார். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொண்டார். பத்தாவது படிக்கும் மகனும் வீட்டில் இருக்கிறான். ஊசி பாதுகாப்பானதா என்று கேட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள், ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது: "பாப்பா எதுக்கு ஊசின்னு கேட்டா சத்து ஊசின்னு சொல்லிடலாமா?" அதைப் படித்ததும் புரிந்தது, ஊசியைப் பற்றி உங்களுக்கு இருக்கும் சந்தேகம் கொஞ்சம்தான். வாயைத் திறந்தால் வேறு எதையெல்லாம் பேச வேண்டி வருமோ என்ற பயம்தான் பெரிது.

நான் டாக்டர் இல்லை. சேலம் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்து, ஏற்காடு மலையிலும் அப்புறம் டவுன் பக்கமும் ஊசி போட்டே ஓய்வு பெற்றவள். நோயையும் மருந்தையும் பற்றி நான் சொல்வது படித்தது. பிள்ளைகளிடமும் தாய்மார்களிடமும் பேசுவது பற்றிச் சொல்வது பார்த்துப் பழகியது. எது எது என்று தெரியும்படியே எழுதுகிறேன்.

சத்து ஊசி என்று மட்டும் சொல்லாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஊசி அட்டையில் உள்ள பெயரைப் படிப்பாள், வீட்டுக்கு வந்து போனில் தேடுவாள். ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அதோடு இன்னொன்றும் தெரிந்துகொள்வாள்: இந்த மாதிரி விஷயத்தில் அம்மா பொய் சொல்வாள், அதனால் அம்மாவிடம் கேட்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு உண்மை வாக்கியம் போதும். "பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை வாயில ஒரு புற்றுநோய் வரும் கண்ணு, அது பின்னால உனக்கு வரக்கூடாதுன்னு இப்பவே போடுற ஊசி." இதில் பொய் இல்லை, கூச்சப்பட ஒன்றும் இல்லை. நான் பார்த்த பெரும்பாலான பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு அடுத்து கேட்டது, "ரொம்ப வலிக்குமா?" என்றுதான்.

ஒரு சில பிள்ளைகள் விடமாட்டார்கள். "அது எப்படி வரும்?" என்பார்கள். அப்போதும் மழுப்ப வேண்டாம். "ஒரு கிருமியால வருது. பெரியவங்க ஆகி, கல்யாணம் அது இதுன்னு ஒருத்தரோட ஒருத்தர் நெருக்கமா இருக்கும்போது அந்தக் கிருமி பரவும். அந்த வயசு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஊசி போட்டாத்தான் நல்லா வேலை செய்யும்." அவ்வளவுதான். அவள் மேலே கேட்டால் மேலே சொல்லுங்கள், கேட்காவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஊசியையும் பாலியல் விஷயங்களையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டும் தனித்தனிப் பேச்சு. பேசத் தைரியம் வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட்டாகிவிட்டது என்று பேச்சை விட்டுவிடவும் வேண்டாம்.

உங்கள் மாமியாரின் கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தெரியும். கொஞ்சம் யோசித்தால் அது நிற்காது. உங்கள் மகள் பிறந்த உடனே ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருப்பார்கள். மஞ்சள் காமாலை ஊசி என்று நாம் சொல்வது அதைத்தான். அந்தக் கிருமி ரத்தம் வழியாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும், உடலுறவு மூலமாகவும் பரவுகிறது. பிறந்த குழந்தைக்கு எதற்கு உடலுறவில் பரவும் நோய்க்கான ஊசி என்று எந்த வீட்டிலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஊசி போட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற பயத்தை வெளிநாடுகளில் ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஊசி போட்ட பெண் பிள்ளைகளும் போடாதவர்களும் நடந்துகொண்ட விதத்தில் வித்தியாசம் இல்லை.

கிருமியைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஹெச்பிவியில் இருநூறுக்கும் மேல் வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இந்தக் கிருமிக்கும் அந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்ததற்காக ஜெர்மனியின் ஹரால்டு சுர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவு வைத்துக்கொள்ளும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்தக் கிருமி தொற்றும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிடுகிற சிலருக்குத்தான் பதினைந்து, இருபது வருடம் கழித்துப் புற்றுநோயாக மாறுகிறது. இந்தியாவில் வருடத்துக்கு ஏறத்தாழ 80,000 பெண்கள் இதில் இறக்கிறார்கள்.

இதில் ஒழுக்கத்தைக் கொண்டுவந்து கோர்ப்பதுதான் எனக்கு ஆகவே ஆகாது. "நல்லா வளர்த்த பிள்ளைக்கு அதெல்லாம் வராது" என்று எத்தனையோ வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன். வாழ்நாள் முழுக்கக் கணவன் ஒருவனோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரும், ஏனென்றால் கிருமி கணவனிடமிருந்து வரலாம். பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிக் கொடுப்போம், ஆனால் மாப்பிள்ளை உடம்பில் இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஆண்களுக்கென்று வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது. ஆணுறைகூட ஓரளவுக்குத்தான் காப்பாற்றும், தோலோடு தோல் பட்டுப் பரவுகிற கிருமி இது. உங்கள் அத்தையிடம் இதையெல்லாம் விளக்க வேண்டாம். "கர்ப்பப்பையில புண்ணு வந்து, தீட்டு நின்ன பிறகும் ரத்தம் பட்டுட்டே இருந்து செத்துப்போனவங்க நம்ம சொந்தத்துல யாராவது இருக்காங்களா அத்தை?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த வயதுப் பெண்களுக்கு அப்படி ஒரு பெயராவது நினைவுக்கு வரும். செவ்வாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, மலை மேல் எஸ்டேட் குடியிருப்பு என்று எங்கே கேட்டாலும் எனக்கு ஒரு கதை கிடைத்தது. அதற்கான ஊசிதான் இது என்று தெரிந்த பிறகு எதிர்த்துப் பேசிய பாட்டிகள் குறைவு. சில பாட்டிகள் பேத்தியின் கையைப் பிடித்து அவர்களே கூட்டி வந்தார்கள்.

அடுத்து பாதுகாப்பு. மலையில் எஸ்டேட் வேலைக்குப் போகும் அம்மாக்கள் சுற்றி வளைக்காமல் கேட்பார்கள்: "ஊசி போட்டா பின்னாடி புள்ள பொறக்காதா?" பிறக்கும். இந்த ஊசியால் மலட்டுத்தன்மை வருவதாக எந்த ஆதாரமும் இல்லை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்ட பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு திரும்பத் திரும்பப் பார்த்துச் சொன்ன விஷயம் அது. கை வலி, லேசான காய்ச்சல், தலைவலி வரலாம். மயக்கம் வருவது உண்மை, ஆனால் அது மருந்தால் வருவது இல்லை, ஊசியைக் கண்டு வரும் மயக்கம். வளரிளம் பிள்ளைகளுக்கு எந்த ஊசிக்கும் அது வரும். காலையில் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள், போட்ட பிறகு பதினைந்து நிமிடம் உட்கார வையுங்கள். மாதவிலக்கு நாளில் போடலாம். வயதுக்கு வந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற நோயோ மருந்தோ இருந்தாலோ அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த முடிவு என்னைப் போன்றவர்கள் எடுக்க வேண்டியது இல்லை.

யாராவது உங்களுக்கு ஒரு பழைய செய்தியை அனுப்பி, "இந்த ஊசியால் ஆந்திராவில் பிள்ளைகள் செத்தார்கள்" என்று சொல்லக்கூடும். முழுப் பொய் என்று அதைத் தள்ள முடியாது, நடந்தது வேறு. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் முன்மாதிரித் திட்டமாக ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குப் போட்டார்கள். அந்தக் காலத்தில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். விசாரணையில் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்கள் தெரிந்தன, மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லை என்று முடிவானது. ஆனால் ஒரு பெரிய தவறு அங்கே நடந்திருந்தது. பெற்றோரிடம் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் அரசு திட்டத்தை நிறுத்தியது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்லாமல் ஊசி போட்டால் பழி ஊசி மேல்தான் விழும். சத்து ஊசி வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் குழப்பத்திலிருந்து எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. அதே சமயத்தில் இந்தியாவில் பல இடங்களில் இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். அரசு எல்லாவற்றையும் நிறுத்தியபோது அதுவும் பாதியில் நின்றது, ஏராளமான சிறுமிகள் ஒரே டோஸோடு நின்றுவிட்டார்கள். அவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், 16, 18 வகைகள் உடம்பில் தங்குவதை ஒரே டோஸும் 95 சதவீதம் அளவுக்குத் தடுத்திருந்தது தெரிந்தது. இது போன்ற ஆதாரங்களை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு டோஸ் போதும் என்று சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 9 முதல் 14 வயதுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸும், 15க்கு மேல் மூன்று டோஸும் சொல்கிறது. அதனால் உங்கள் டாக்டர் இரண்டு என்று சொல்லி, வேறொருவர் ஒன்று போதும் என்று சொன்னால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஊசி புற்றுநோயைத் தடுக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்தது. ஆயுள் முழுக்க நிற்குமா, ஐம்பது வயதில் ஒரு டோஸ் மறுபடி தேவைப்படுமா என்பதெல்லாம் இன்னும் காலம் சொல்ல வேண்டியது. இதுவரை பாதுகாப்பு குறைவதாகத் தெரியவில்லை.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவேக் 2023இல் வந்தபோது ஒரு டோஸ் 2,000 ரூபாய் அளவில் இருந்தது. ஒன்பது வகைகளைத் தடுக்கும் வெளிநாட்டு ஊசி அதைப்போலப் பல மடங்கு. பணம் இடித்தால் விலை குறைந்ததையே போடுங்கள், முக்கியமான 16, 18 இரண்டும் அதில் இருக்கின்றன. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இலவசமாகப் போடுவதாகத் தமிழக அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். கையில் பணம் இருந்தால் இப்போதே போடுங்கள். இல்லையென்றால் கடன் வாங்க வேண்டாம், 14 வயது வரை காத்திருந்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. அதைத் தாண்டி இழுக்காதீர்கள்.

இனி அந்த இன்னொரு பேச்சு. நம் பக்கம் பிள்ளை பெரியவள் ஆனால் மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர் வைத்து, தெரு முனையில் அவள் போட்டோவோடு பிளக்ஸ் கட்டுகிறோம். ஊருக்கே தெரிந்துவிடும். உன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. உங்கள் மகள் இன்னும் பெரியவள் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ரத்தம் வரும், அது நோய் இல்லை, பள்ளிக்கூடத்தில் வந்தால் எந்த டீச்சரிடம் போக வேண்டும், பையில் நாப்கின் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். இவ்வளவுதான் முதல் பாடம். ஒரு மாதம் கழித்து அவளே அடுத்ததைக் கேட்பாள். குழந்தை எப்படி உருவாகிறது என்று கேட்டால் அறிவியல் புத்தகத்தில் இருக்கிற அளவுக்காவது சொல்லுங்கள். அவள் உடம்பைத் தொட யாருக்கும் உரிமை இல்லை, அது மாமாவாக இருந்தாலும், டியூஷன் சாராக இருந்தாலும், எங்களிடம் சொன்னால் உன்னைத் திட்டமாட்டோம் என்பதையும் சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்லி ஒரு பயனும் இல்லை.

எதிரே உட்கார வைத்து "உன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்தால் எந்தப் பிள்ளையும் மிரளும். துணி மடிக்கும்போது, ஸ்கூட்டரில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விடும்போது பேசுங்கள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இருவருக்கும் கூச்சம் பாதியாகும். ஏற்காட்டுப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததாக ஒரு அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். பதில் தெரியாவிட்டால் "தெரியல கண்ணு, நர்ஸ் அக்காகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்டு வந்து சொல்லியும் விடுங்கள்.

மகனைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. பெண் பிள்ளைக்காவது சடங்கு என்ற பெயரில் நாலு அத்தைகள் வந்து ஏதோ சொல்வார்கள். பையனிடம் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. போன் சொல்கிறது, கூட்டாளி சொல்கிறான், இரவு டிவியில் நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து விற்பவர் சொல்கிறார். தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு, சுய இன்பத்தால் உடம்பு இளைக்காது, பலம் போகாது என்பதை ஓர் ஆண் வாயால் அவன் கேட்க வேண்டும். அந்த ஆண் அவன் அப்பாவாக இருந்தால் நல்லது. "உன் இஷ்டம்" என்று ஒதுங்கியவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள். போனில் பார்க்கும் ஆபாசப் படம் நிஜம் இல்லை என்பதையும், ஒரு பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பதையும் அவரே சொல்லட்டும். முடியவே முடியாது என்றால் தாய்மாமன், சித்தப்பா, நம்பிக்கையான ஒரு சார் என்று யாரையாவது பிடியுங்கள். சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2012இல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவர் சம்மதித்தார் என்ற வாதம் செல்லாது. காதல் என்று நினைத்து நடப்பது வழக்காகலாம், விவரம் தெரிந்தால் டாக்டரும் புகார் சொல்லியே ஆக வேண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. பையன்களுக்கு இது தெரியாமலே போய் மாட்டிக்கொள்கிறார்கள். யாராவது அவர்களுக்குத் தொல்லை கொடுத்தாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம், அது பையன்களுக்கும் சேர்த்துத்தான்.

ஊசி பையனுக்கும் போடலாம். செர்வாவேக் 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருவருக்கும் அனுமதிக்கப்பட்டது. ஆண்களுக்கு வரும் ஆசனவாய், ஆண்குறிப் புற்றுநோய்கள் சிலவற்றையும், பிறப்புறுப்பு மருக்களையும் தடுக்கும். ஆனால் ஒருவருக்குத்தான் பணம் என்றால் மகளுக்கு முதலில் போடுங்கள், அவளுக்குத்தான் ஆபத்து அதிகம். மகனுக்கு 15 ஆகிவிட்டால் மூன்று டோஸ் கணக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. வயதை எழுதவில்லை, ஆனால் பத்தாவது படிக்கும் மகன் இருந்தால் முப்பதைத் தாண்டியிருப்பீர்கள். அந்த வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஜிஹெச்சிலும் இலவசம், சில நிமிட வேலை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதை ஒரே ஒரு தடவை செய்து பார்த்ததிலேயே இந்தப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. ஊசி போட்டுக்கொண்ட உங்கள் மகளும் முப்பது வயதில் இதைச் செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகையையும் தடுப்பதில்லை. அவளுக்கு ஊசி போடும் அன்றே நீங்களும் பரிசோதனைக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். இரண்டாவது டோஸ் தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள். ஐந்து மாதத்துக்கு முன்பே அவசரப்பட்டுப் போட்டுவிட்டால் மூன்றாவது ஒன்று தேவைப்படும். கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லை, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.